சளியில் தெரியும் கிருமி எல்லாம் காசநோய்க் கிருமி அன்று

ஒரே நிறத்தில் இருவேறு கிருமிகள்

கண்ணாடித் தகட்டில் தடவிய சளியைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து அமிலத்தால் கழுவிய பின்னும் நிறம் போகாமல் நிற்கும் குச்சி வடிவக் கிருமிகளையே ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலமாகக் காசநோயின் அடையாளமாகக் கொண்டுவருகின்றன. ஆனால் மண்ணிலும் நீரிலும் வாழும் 190-க்கும் மேற்பட்ட இனங்கள், அதாவது காசநோய் சாராத மைக்கோபாக்டீரியாக்கள், அதே சாயத்தை அதே போலப் பற்றிக்கொள்வதால் நுண்ணோக்கி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. இருமல், சளி, காய்ச்சல், எடைக்குறைவு ஆகிய அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருப்பதால், ஆறு மாதக் காசநோய் மாத்திரைகளை முடித்தும் சளியில் கிருமி காணப்படுபவரை மருந்துக்கு அடங்காத காசநோயாளி என்று உடனே முடிவு கட்டுவது பெருந்தவறாகிவிடக்கூடும்.

செங்கல்பட்டு ஆய்வு

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்று காட்டியது. அப்பகுதி மக்கள் இளமையிலிருந்தே சுற்றுப்புற மைக்கோபாக்டீரியாக்களுடன் பழகியிருந்ததே இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அங்குள்ள மண்ணிலும் நீரிலும், மக்களின் சளியிலும் இக்கிருமிகள் கிடைத்தன. அதுபோலவே, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் உழவும் ஆற்றுநீரும் அன்றாடமாக உள்ள மணலூர்பேட்டை மக்களும் இவற்றை எதிர்கொள்வது இயல்பே. எனினும் பழைய காசநோயால் தழும்பேறிய நுரையீரல், மூச்சுக்குழாய் விரிவு, புகையால் வந்த நாள்பட்ட மூச்சடைப்பு, எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை உள்ளவர்களிடமே இத்தொற்று பெரும்பாலும் நோயாக மாறுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது பொதுவாகப் பரவுவதில்லை என்பதால், இந்நோய் உறுதியானவருக்குத் தனித்தட்டும் தனித்தம்ளரும் வைத்து ஒதுக்குவது தேவையற்ற கொடுமை.

உறுதிசெய்யும் வழி

நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனையில் அது இல்லை என்று வந்தால் ஐயம் எழவேண்டும். அடுத்து, சளியை ஊட்டக்கரைசலில் இட்டுக் கிருமியை வளர்க்கும் கல்ச்சர் சோதனை தேவைப்படும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். குழாய்நீரிலேயே இக்கிருமி இருக்கக்கூடும் என்பதால், அந்நீரில் வாய் கொப்பளித்து உடனே எடுத்த சளி பொய்யான முடிவைத் தரலாம். எனவே வெவ்வேறு வேளைகளில் எடுத்த குறைந்தது இரண்டு சளி மாதிரிகளில் ஒரே இனம் வளரவேண்டும், அறிகுறிகளும் சி.டி. ஸ்கேனில் காணும் மாற்றங்களும் அதனுடன் பொருந்தவேண்டும்.

சிகிச்சை

இனத்தின் பெயர் தெரியாமல் மருந்தைத் தொடங்குவது வீண். இக்கிருமிகளுள் ஏவியம் என்னும் இனத்தொகுதிக்கு அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எதாம்பியூட்டால் ஆகிய மூன்றும் சேர்த்துத் தரப்படுகின்றன. சளியில் கிருமி வளர்வது நின்ற பின்னும் ஓராண்டு தொடரவேண்டும். அசித்ரோமைசினை மட்டும் தனியே கொடுத்தால் கிருமி அதற்கு விரைவில் பழகிவிடும். அப்செசஸ் என்னும் இனத்துக்கோ வழக்கமான காசநோய் மாத்திரைகள் பயனற்றவை. அமிக்காசின் ஊசியும், தொழுநோய்க்குத் தரப்படும் குளோஃபாசிமினும் அதற்குத் துணையாகின்றன. எதாம்பியூட்டால் நிறம் பிரித்தறியும் பார்வையையும், அமிக்காசின் செவியையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை என்பதால் இடையிடையே சோதனை அவசியம். நோய் மெல்ல நகரும் சிலருக்கு மருந்தின்றிக் கண்காணிப்பதையும் மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்பவர்கள், முந்தைய சளிச் சோதனை அறிக்கைகளையும் பழைய எக்ஸ்ரே படங்களையும் தவறாமல் எடுத்துச் செல்வது நல்லது.