தாய்மொழிப் பத்திரிகை செய்த குற்றம்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் வந்து குடியேறிய நமக்குத் தாய்மொழிப் பத்திரிகை என்பது வெறும் காகிதமன்று. மாதம் ஒருமுறை தபால்காரர் அதனைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வந்து திண்ணையில் அமர்ந்தாற்போன்ற உணர்ச்சி உண்டாகிறது. இதனை வாங்கும் காரணத்தால் நம் வீட்டுப் பிள்ளையின் உத்தியோகம் பறிபோகும் என்று எவரேனும் சொன்னால் நாம் நகைத்துவிடுவோம். ஆனால் 1953-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு குடும்பத்துக்கு அத்தகைய இடர் மெய்யாகவே நேர்ந்தது. அதனை நாடறியச் செய்து, நீங்கவும் வழிசெய்தவர் எட்வர்டு ஆர். மர்ரோ என்னும் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர். அவருடைய வரலாற்றை அன்பர்கள் அறிதல் நலம் எனக் கருதி ஈண்டுச் சுருக்கிக் கூறுகிறோம்.

இளமையும் பயிற்சியும்

மர்ரோ 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், வட காரோலினா மாநிலத்தில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாய் இருந்தபோதே அக்குடும்பம் பிழைப்பைத் தேடி நாட்டின் மறு கோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குப் பெயர்ந்தது. அங்கே மரம் வெட்டும் முகாம்களில் உடலுழைத்துப் பொருளீட்டியே அவர் கல்லூரிப் படிப்பை நடத்தினார். இளம்பிள்ளைவாதத்தால் உடல் நலிந்த ஐடா லூ ஆண்டர்சன் என்னும் ஆசிரியை அவருக்குப் பேச்சுக் கலையைப் பயிற்றுவித்தார். எச்சொல்லை அழுத்த வேண்டும், எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவ்வம்மையாரிடம் கற்ற மர்ரோ, அந்நன்றியைக் கடைசி வரை மறக்கவில்லை.

1935-இல் சி.பி.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்த அவர், 1937-இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அவ்வேலை, பிறரை வானொலியில் பேசுவதற்கு ஏற்பாடு செய்யும் வேலையே. தாமே பேசும் வேலையன்று. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது, மர்ரோ வியன்னாவுக்கு விரைந்து, கண்ணாற் கண்டதைத் தாமே எடுத்துரைத்தார். பின்னர் 1940-இல் லண்டன் மீது குண்டு மழை பொழிந்த இரவுகளில், கட்டிடங்களின் மேல்மாடியில் நின்று, வானம் சிவப்பதையும் மக்கள் கலங்காமல் நடப்பதையும் கடல் கடந்த நேயர்களுக்கு விவரித்தார். குண்டு வீசச் செல்லும் விமானங்களிலும் ஏறிச் சென்றார். 1945 ஏப்ரலில் புக்கன்வால்டு வதைமுகாமினுள் நுழைந்து, அங்கே கண்ட கொடுமையைக் கூட்டாமல் குறைக்காமல் கூறினார். சென்று பார்த்துச் சொல்வது என்பதே அவர் தொழிலின் அடித்தளமாக அமைந்தது.

முத்திரையிட்ட உறை

போர் முடிந்தபின் தொலைக்காட்சி பரவலாயிற்று. 1951 நவம்பர் 18-ஆம் நாள், ஃபிரெட் ஃபிரெண்ட்லி என்பவருடன் கூடி, ‘சீ இட் நௌ’, அதாவது ‘இப்பொழுதே காண்க’ என்னும் வாராந்தர நிகழ்ச்சியை அவர் தொடங்கினார். அட்லாண்டிக் கரையையும் பசிபிக் கரையையும் ஒரே நேரத்தில் அருகருகே காட்டிய அம்முதல் நிகழ்ச்சி கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது.

அக்காலத்தில் அந்நாட்டில் பொதுவுடைமையைப் பற்றிய அச்சம் காட்டுத் தீப்போல் பரவியிருந்தது. 1950-இலிருந்து செனட் சபை உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தி, அரசாங்கத்திலும் பிறவிடங்களிலும் துரோகிகள் மறைந்திருக்கிறார்கள் என்று முழங்கி வந்தார். ஐயத்துக்கு ஆளானவர் பலர் வேலை இழந்தனர். அண்டை வீட்டார் அவர்களுடன் பேசவும் அஞ்சினர்.

இச்சூழலில் மைலோ ரடுலோவிச் என்னும் 26 வயது இளைஞருக்கு ஓலை வந்தது. அவர் விமானப்படையின் சேமப் பிரிவில் லெப்டினன்ட். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர். மனைவி மக்கள் உடையவர். அவருடைய நாட்டுப்பற்றை எவரும் குறை கூறவில்லை. அவருடைய தந்தையும் சகோதரியும் பொதுவுடைமைச் சார்புடையோர் என்பதே குற்றச்சாட்டு. தந்தையார் செர்பிய நாட்டிலிருந்து குடியேறி, மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். அவர் தம் தாய்மொழியில் வெளிவந்த ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். அது ஐயத்துக்குரிய பத்திரிகையாம்! சான்றுகள் முத்திரையிட்ட உறையினுள் இருந்தன. அவ்வுறை விசாரணையில் திறக்கப்படவேயில்லை.

மர்ரோவின் குழுவினர் அவ்விளைஞர் வாழ்ந்த சிற்றூருக்குச் சென்றனர். 1953 அக்டோபர் 20-ஆம் நாள் அவருடைய முகம் நாடெங்கும் தெரிந்தது. உறவினரைக் கொண்டு தம்மை எடைபோட்டால், நாளை தம் பிள்ளைகளும் தம்மை மறுதலிக்க வேண்டியிருக்குமோ என்று அவர் கேட்டார். முதிய தந்தையோ, மகனுக்கு நீதி வேண்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதிய விண்ணப்பத்தைத் தழுதழுத்த குரலில் கூறினார். தந்தையின் குற்றம், அது மெய்யாயினும், மகன் மேல் ஏறலாகாது என்பதே மர்ரோ கூறிய முடிவுரை. ஐந்து வாரங்களில் விமானப்படைச் செயலாளரே தொலைக்காட்சியில் தோன்றி, அவ்விளைஞர் பதவியில் நீடிப்பார் என அறிவித்தார்.

புலியின் முன்னால்

அடுத்து 1954 மார்ச் 9-ஆம் நாள், மெக்கார்த்தியையே எடுத்துக்கொண்டார் மர்ரோ. நிறுவனத்தார் விளம்பரத்துக்குப் பணம் தர இசையவில்லை. மர்ரோவும் ஃபிரெண்ட்லியும் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் செய்தனர். நிகழ்ச்சியில் வசைமொழி ஒன்றும் இல்லை. மெக்கார்த்தி பேசிய பேச்சுகளையே காட்டி, அவற்றுக்கு எதிரே உண்மைகளை வைத்தார், அவ்வளவே. குற்றச்சாட்டு வேறு, சான்று வேறு. மாறுபட்ட கருத்து வேறு, துரோகம் வேறு என நிறுவினார். ஏப்ரல் 6-ஆம் நாள் மறுமொழி கூற மெக்கார்த்திக்கு முழு நேரமும் அளிக்கப்பட்டது. அவரோ மர்ரோவின் மேலேயே பழி சுமத்தினார். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் செனட் சபை 67-க்கு 22 என்ற வாக்குகளால் மெக்கார்த்தியைக் கண்டித்தது. இவ்வெற்றி முழுதும் மர்ரோ ஒருவரையே சாரும் என்று கூறுவது மிகையாகும். அவருக்கு முன்னரே எழுதிய பத்திரிகையாளர்களும், எதிர்த்த செனட் உறுப்பினர்களும் உண்டு. ஆயினும் கோடிக்கணக்கானோர் காணும் திரையில் அதனைச் சொல்லத் துணிந்தது பெருந்துணிவே ஆகும்.

அத்துணிவுக்கு விலை இல்லாமற் போகவில்லை. 1955-இல் விளம்பரதாரர் விலகினார். பரிசுப் போட்டிகளே பணம் ஈட்டித் தரும் காலம் வந்தது. வாராந்தர நிகழ்ச்சி எப்போதேனும் வரும் நிகழ்ச்சியாகத் தேய்ந்து, 1958-இல் நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் சிகாகோவில் தம் தொழிலார் முன்னிலையில் பேசிய மர்ரோ, அறிவூட்டுவதற்குப் பயன்படாவிடின் தொலைக்காட்சி என்பது கம்பிகளும் விளக்குகளும் அடைத்த வெறும் பெட்டியே என இடித்துரைத்தார். அதே மாதம் அவர் தொடங்கிய ‘ஸ்மால் வேர்ல்டு’ என்னும் உரையாடல் வரிசையின் முதல் நிகழ்ச்சியில், பிற நாடுகளில் இருந்தோருடன் நம் பிரதமர் நேருவும் உரையாடினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

அறுவடையும் பதவியும்

1960 நவம்பர் 25-ஆம் நாள், நன்றி கூறும் பெருநாளுக்கு மறுநாள், ‘அவமானத்தின் அறுவடை’ என்னும் பொருள்படும் அவருடைய செய்திப்படம் ஒளிபரப்பாயிற்று. பயிர் விளையும் இடந்தோறும் குடும்பத்துடன் அலைந்து, பிறர் உண்ணக் காயும் கனியும் பறித்துக் கொடுத்து, தாம் அரை வயிற்றுக்கு உண்ணும் கூலியாட்களின் கதை அது. விருந்துண்டு களித்த வீடுகளில், அவ்விருந்து யார் கையால் வந்தது என்பதை அது காட்டியது.

இனி, நாம் மறைக்கலாகாத ஒன்றைக் கூறவேண்டும். 1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் அழைப்பை ஏற்று, வெளிநாடுகளில் அமெரிக்காவின் செய்திகளைப் பரப்பும் அரசாங்கத் துறைக்கு மர்ரோ தலைவரானார். உடனே, அதே செய்திப்படத்தைத் திரையிட வேண்டாமென்று லண்டன் பி.பி.சி. நிறுவனத்தை அவரே கேட்டுக்கொண்டார்! தம் நாட்டின் பெயர் கெடுமே என்ற அச்சந்தான். பி.பி.சி. இணங்கவில்லை; படம் காட்டப்பட்டது. நெடுங்காலம் எவருக்கும் அஞ்சாத நா, நாற்காலியில் அமர்ந்த சில வாரங்களில் தயங்கியது. பெரியோரிடத்தும் இவ்வாறு நேருமாயின், நம் போன்றோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

திரையிலும் சிகரெட்டு விரலைவிட்டு அகலாத மர்ரோ, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1955-இல் தாமே எடுத்துக் காட்டியவர். அந்நோயே அவரை 1965 ஏப்ரல் 27-ஆம் நாள், 57-ஆம் வயதில் கொண்டு சென்றது.

அன்பர்களே! இன்று கையடக்கக் கருவியிலேயே நூறு பேர் அரசியல் பேசுகின்றனர். சென்று பார்த்துப் பேசுவோர் யார், குற்றச்சாட்டையே சான்றாகக் கொண்டு பேசுவோர் யார் என்று பிரித்தறிவது நம் கடமை. நாம் குடியிருக்கும் தெருவிலேயே வேறொரு மொழி பேசும் குடும்பம் வந்து குடியேறக் கூடும். அவர்களைப் பற்றி ஒரு வதந்தியும் உடன் வரக்கூடும். அப்போது நாம் எப்பக்கம் நிற்போம்? நேற்று வந்து குடியேறிய நாமே அவ்வதந்திக்குச் செவி சாய்த்தல் தகுமோ? அடுத்த மாதம் இவ்விதழ் நம் வாயிலுக்கு வரும்போது, தாய்மொழிப் பத்திரிகை வாங்கியதற்காகக் கண்கலங்கிய அந்த முதிய தொழிலாளியை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.