பட்டாசு ஊரில் சிறு நாய் வளர்ப்பு

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நாட்டு நாய் இனங்களுக்குத் தம் பெயரையே தந்த ஊர்கள். இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆயினும் இவை ஓடித் திரிய இடம் வேண்டும் நாய்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் சிறிய வீட்டில் வசிக்கும் தொழிலாளிக்கும், சில ஆடு கோழிகளை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் பத்து கிலோவுக்கு உட்பட்ட கலப்பின நாயே ஏற்றது.

தெருவில் விடப்பட்ட இத்தகைய நாய்களை மீட்டு, நிலையான வீடு கிடைக்கும் வரை தம் இல்லத்தில் வைத்துப் பராமரிப்போர் உள்ளனர். இவர்களிடமிருந்து பெறும் நாயின் குணம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கேட்டறிய வேண்டியவை

நாயின் வயது, போடப்பட்ட தடுப்பூசிகள், குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகிய விவரங்களைக் கேட்டுப் பெறவேண்டும். குழந்தைகளிடமும் கோழிகளிடமும் எவ்வாறு பழகுகிறது என்பதை நேரில் பார்ப்பது நலம். வெடிச் சத்தத்துக்கு எவ்வளவு அஞ்சுகிறது என்ற கேள்வி இப்பகுதியில் மிக முக்கியமானது.

முதல் இரு வாரங்கள்

புதிய இடத்தில் நாய் உண்ணாமல் ஒதுங்கியிருப்பது இயல்பே. வீட்டின் ஒரு மூலையில் பழைய சாக்கு விரித்து இடம் ஒதுக்கி, வேளை தவறாமல் உணவளித்தால் பழகிவிடும். முன்பு உண்ட உணவையே சில நாட்கள் கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம். சோறு மட்டும் போதாது. முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவை கூடா.

வெறிநோய்த் தடுப்பு

குட்டிக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும் நாளில் மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு முறையும் போடவேண்டும். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதையும் தடவக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அறிகுறிகள் தோன்றிவிட்டால் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக அரிது. ஆகவே சிறு காயமென்று விட்டுவிடலாகாது.

வெடிச் சத்தம்

மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே உணரும். நாயின் செவி 40,000-க்கு மேலும் உணரும். மூன்று முதல் பன்னிரண்டு வார வயதுக் குட்டிகளை மெல்லிய ஓசைகளுக்குப் படிப்படியாகப் பழக்கலாம். வளர்ந்த நாய்க்கும் உணவளிக்கும்போது பதிவு செய்த வெடியோசையை மிகக் குறைவாக ஒலிக்கச் செய்து, அது அஞ்சாத அளவிலேயே நாளடைவில் கூட்டலாம். நாயின் அருகில் வெடி வைத்துப் பழக்குவது அச்சத்தையே வளர்க்கும்.

தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் முன் கவனிக்க வேண்டியவை:

1. பொழுது சாயுமுன் நடத்திச் சென்று, உணவும் கொடுத்துவிட வேண்டும்.
2. சன்னலை அடைத்த உள்ளறையில் தண்ணீருடன் விட்டு, வானொலியை ஒலிக்கவிடலாம்.
3. வெளியே சங்கிலியில் கட்டக்கூடாது. மிரண்டு இழுக்கையில் கழுத்து இறுகும்.
4. கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கவேண்டும். மிரண்டு ஓடிய நாய்க்கு வழி தெரியாது.
5. மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுக்கலாகாது. கடுமையாக நடுங்கும் நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் முன்னதாகவே மருந்து கேட்டு வைக்கலாம்.

மறுநாள் காலை வெடிக்காத பட்டாசுகளையும் மருந்துத் தாள்களையும் கூட்டி அகற்றவேண்டும். பச்சை ஒளிக்காகப் பயன்படுத்தப்பட்டு வந்த பேரியம் உப்புகள் வயிற்றினுள் சென்றால் தசைகள் தளர்ந்து இதயமும் பாதிக்கப்படும். மருந்து படிந்த வேலை உடையையும் நாய் நக்காதபடி தனியே வைப்பது நல்லது.

சிறு நாய் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. வேலைக்குச் செல்வோர் பகலில் அதைக் கவனிக்க ஆள் உண்டா என்று எண்ணிப் பார்த்தே பெறவேண்டும். வளர்க்க இயலாத நிலை வந்தால் கொடுத்தவரிடமே திருப்பித் தரலாம். ஒரு முறை தெருவில் விடப்பட்ட நாயை மறுபடியும் தெருவில் விடுவது அந்த நாய்க்கு மட்டுமன்றி ஊருக்கும் தீங்காகும்.