சவலைப் பிள்ளை

ஞானஸ்நானத்திற்குக் கைக்குழந்தையை ஏந்திவரும் தாயின் சேலையைப் பற்றி நிற்கும் மூத்த பிள்ளையை ஆயர்களாகிய நாம் கவனிப்பது அரிது. பால்குடி மறக்கடிக்கப்பட்டு மெலியும் அப்பிள்ளையைச் 'சவலை' என்பர் நம் முன்னோர். மேற்கு ஆப்பிரிக்காவில் கா மொழி பேசுவோரும் அடுத்த குழந்தை பிறக்கையில் மூத்ததைப் பற்றும் நோயைக் குவாஷியார்க்கர் என்றனர். இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1935ஆம் ஆண்டில் அப்பெயரை மருத்துவ உலகிற்கு அறிவித்தார்.

அங்கே அப்பிள்ளைக்கு மக்காச்சோளக் கூழே ஆகாரம். வயிறு நிறையும், புரதமும் பிற சத்துக்களும் போதா. பாதங்கள் நீர்கோத்து வீங்கும், கல்லீரலில் கொழுப்புச் சேரும், தலைமயிர் செம்பட்டையாகும், தோல் உரியும். எலும்புந்தோலுமான பிள்ளைக்கு இரங்குகிற நாம், வீங்கிய முகத்தைக் கொழுமையென்று மெச்சிவிடுகிறோம். அப்பிள்ளையோ விளையாடாது, பசியென்று கேட்கவும் கேளாது. கேளாமையும் நோயின் அடையாளமே.

இரக்கத்தால் ஒரேயடியாய் உண்பிப்பதோ பேராபத்து. தளர்ந்த இதயம் அதைத் தாங்காது. ஆகவே மருத்துவர்கள் முதல் நாட்களில் நீர்த்த பாலுணவை இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலுங்கூட, சிறிது சிறிதாகவே கொடுக்கின்றனர். இரும்புச்சத்து மருந்தையும் உடனே கொடுப்பதில்லை. வீக்கம் வடிகையில் பிள்ளையின் எடை குறையும், தாய் கலங்குவாள். குணம் அவ்விதமாகவே தொடங்குகிறதென்று அவளுக்கு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்.