கோடை இடிமழையில் சூறைக்காற்று: தனுஷ்கோடி போறவங்க எதைக் கவனிக்கணும்?

கோடை லீவு விட்டதும் பைக்கில் ராமேஸ்வரம், அங்கிருந்து அரிச்சல்முனை என்று கிளம்புபவர்கள் அதிகம். 'புயல் எச்சரிக்கை இல்லையே, அப்புறம் என்ன?' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இடிமேகத்தில் இருந்து வரும் சூறைக்காற்றை.

புயலில் இருந்து இது எப்படி வேறு?

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது புயல். பாம்பனில் இருந்து வந்த ரயிலில் இருந்த 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்று புயலின் பாதை சில நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இடிமழைக் காற்றுக்குக் கிடைப்பதோ சில மணி நேர அவகாசம்தான். 2018 மே மாதத் தொடக்கத்தில் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் வீசிய புழுதிச் சூறாவளியில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது?

வெயிலில் சூடான ஈரக்காற்று மேலே எழுந்து, 10 கி.மீ.க்கும் அதிக உயரமுள்ள மேகமாகிறது. அதிலிருந்து விழும் மழைத்துளிகள், வழியில் உள்ள வறண்ட காற்றில் ஆவியாகும். அப்போது காற்று குளிர்ந்து, கனமாகி, வேகமாகக் கீழே இறங்கும். தரையில் மோதி நாலாபக்கமும் சீறிப் பாயும். புழுக்கத்துக்கு நடுவே திடீர்னு ஜில்லுன்னு காற்று அடிப்பது இதனால்தான். மழை பிறகுதான் வரும்.

மரத்தடியில் கூடாரம் போடலாமா?

வேண்டாம். 2022 ஆகஸ்ட் 18 அன்று பிரான்சின் கோர்சிகா தீவில் இடிமழைக் காற்று மணிக்கு 220 கி.மீ.யைத் தாண்டியது. காடுகள் சரிந்தன. முகாம் மைதானத்தில் மரம் விழுந்து ஒரு சிறுமி இறந்தார். நம் கடலோர மணலில் வளரும் சவுக்கும் பலத்த காற்றுக்குச் சாயும். 2018 கஜா புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகளும் சவுக்குத் தோப்புகளும் சரிந்ததைப் பார்த்தோம்.

வெட்டவெளி பரவாயில்லையா?

அதுவும் இல்லை. இருபக்கமும் கடல், நடுவில் மணல் என்று கிடக்கும் இடத்தில் மின்னலுக்கு உயரமான இலக்கு நீங்கள்தான்.

என்ன செய்யணும்?

* கிளம்பும் முன் வானிலை மையத்தின் அடுத்த 3 மணி நேர முன்னறிவிப்பைப் பாருங்கள். மின்னலுக்கு 'தாமினி' செயலி உதவும்.
* மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால், மின்னல் சுமார் 10 கி.மீ.க்குள் விழுகிறது. உடனே கான்கிரீட் கட்டடத்துக்கோ, கண்ணாடி மூடிய காருக்கோ போய்விடுங்கள். கூடாரமும் ஓலைக் கொட்டகையும் காப்பாற்றாது.
* பைக்கில் இருந்தால் வேகமெடுத்துத் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டுக் காற்று வண்டியையே தள்ளிவிடும்.
* கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.