ருசி பார்க்க எலி! மோப்பம் பிடிக்க வெட்டுக்கிளி!

பாகூர் கொம்யூன் குருவிநத்தத்தில் நெல் பயிரிடும் விவசாயிக்கு வெட்டுக்கிளியைக் கண்டாலே ஆகாது. பச்சைப் பயிரைத் தின்று விடும் அல்லவா?

அந்த வெட்டுக்கிளி, வெடி மருந்தைக் கண்டு பிடித்து இருக்கிறது!

இந்தச் சோதனையை நடத்தியவர் பரணிதரன் ராமன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த என்ஜினீயர். அமெரிக்காவில், செயிண்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2020-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது.

மீசைதான் மூக்கு

வெட்டுக்கிளிக்கு மூக்கு கிடையாது. தலையில் மீசை போல நீட்டிக் கொண்டு இருக்கும் இரண்டு கொம்புகள்தான் மூக்கு. ஒரு கொம்பில் மட்டும் சுமார் 50 ஆயிரம் மோப்ப நரம்புகள்! வாசனை பட்டதும் அவை மூளைக்குச் சேதி அனுப்பும். சேதி என்றால், மிகச் சிறிய மின்சாரத் துடிப்பு. வாசனைக்கு வாசனை துடிப்பு மாறும்.

வெட்டுக்கிளியின் தலையில் ஆபரேஷன் செய்து, மயிரிழை போன்ற கம்பிகளை மூளைக்குள் வைத்தார்கள். டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். முதலிய வெடி மருந்துகளின் ஆவியைக் காட்டினார்கள். இன்ன மருந்து என்று, துடிப்பைப் பார்த்தே கம்ப்யூட்டர் பிரித்துச் சொன்னது.

ஒரு பூச்சியை மட்டும் நம்பினால், 100-க்குச் சுமார் 60 தடவைதான் விடை சரி. 7 பூச்சிகளின் விடையைச் சேர்த்துப் பார்த்தால் 80! சின்னஞ்சிறு வண்டியில் பூச்சியை ஏற்றி ஓட்டியும் பார்த்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பூச்சி 7 மணி நேரம் வரைதான் தாங்கும். பிறகு களைத்துச் செத்துப் போகும். பாவம்தான். ஆனால் வெடிகுண்டுக்குப் பக்கத்தில் மனிதன் போய் நிற்பதை விட இது மேல்.

எலிக்கு என்ன வேலை?

சீனாவில், செஜியாங் பல்கலைக்கழகத்தார் எலியைப் பிடித்தார்கள். அதன் மூளையில் ருசி அறியும் இடத்தில் கம்பி வைத்தார்கள். நாக்கில் கசப்பு பட்டதும், எலி முகம் சுளிக்க வேண்டியதில்லை. மூளையின் துடிப்பே காட்டிக் கொடுத்து விடும்! மிகக் கொஞ்சமான கசப்பும் தப்பவில்லை. குழந்தைகள் துப்பி விடும் மருந்தில் கசப்பு எவ்வளவு என்று பார்க்க, இப்படி ஒரு நாக்கு உதவும்.

புற்று நோய்க்கும்...

ராமனுடன் வேலை பார்த்த தேபாஜித் சாகா, பிறகு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2022-ல் அவர் குழுவினர், வாய்ப் புற்று நோய் உயிரணுக்களின் வாசனையை வெட்டுக்கிளிக்குக் காட்டினார்கள். நல்ல உயிரணு எது, நோய் கண்டது எது என்று அதன் மூளை பிரித்துக் காட்டியது.

புகையிலை மெல்லும் பழக்கத்தால் நம் நாட்டில் பலரைப் பிடிக்கும் நோய் இது. வலி தெரிந்து வருவதற்குள் முற்றி விடுகிறது. ஆனால் சாகாவின் சோதனை, ஆய்வுக் கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் நடந்தது, நோயாளிகளிடம் அல்ல. எனவே வாயில் ஆறாத புண் இருந்தால், டாக்டரிடம்தான் போக வேண்டும்.