வார்ப்புப் பட்டறை, எட்டிப் பார்க்கலாமா?

தலையைக் குனிஞ்சு வாங்க, நிலைப்படி தாழ்வு!

சுவாமிமலைக்கு வருகிறவர்கள் அறுபது படி ஏறி சுவாமிநாதரைக் கும்பிடுவார்கள். இறங்கி வந்து கடைத்தெருவில் கண்ணாடி அலமாரிக்குள் பளபளக்கும் நடராஜரையும் சோமாஸ்கந்தரையும் விலை கேட்பார்கள். கும்பகோணம் டிகிரி காபி ஒன்றைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். நாம் மட்டும் அந்தக் கடையின் பின்பக்கம் தொங்குகிற சாக்குத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறோம். "ஓரமா நின்னு பாத்துக்கங்க. ஆனா நான் காட்டற இடத்துலதான் நிக்கணும்" என்று பட்டறையின் பெரிய ஸ்தபதி அனுமதி தந்திருக்கிறார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

முதலில் இந்தக் குப்பையைப் பாருங்களேன். வாசலிலேயே ஒரு மூலையில் வறட்டி அடுக்கு, அதன்மேல் யாரோ காயப்போட்ட துண்டு. சுவரில் அரம், உளி, சுத்தியல் வரிசையாகத் தொங்க, நடுவில் ஒரு டிபன் கேரியரும் அதே ஆணியில் தொங்குகிறது. தரையில் கை இல்லாத ஓர் அம்மன், தலை மட்டும் பளபளத்து உடம்பெல்லாம் கறுத்த ஒரு பெருமாள், பக்கத்தில் பழைய காலண்டர், உலோகம் உருக்கும் மூசை ஒன்று உடைந்தபடி, காலி டீ டம்ளர். சாம்பலும் எண்ணெயும் கலந்த வாசனை. எங்கே கால் வைப்பது என்று தேடித் தேடித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

இடதுபக்கம் மெழுகுக் கொட்டகை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியதுதான் இங்கே மூலப்பொருள். வெயிலில் இளகிவிடாமல் இருக்க, செய்து முடித்த கைகளும் கால்களும் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கின்றன. சட்டென்று எட்டிப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடும்! சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பையன் முருகனின் அபயக்கையை உருட்டிக்கொண்டிருக்கிறான். முகத்தில் அப்படி ஒரு தீவிரம், நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. பெரியவர் பின்னால் வந்து நிற்கிறார். விரல்கள் விறைத்துக்கொண்டு நிற்பது நமக்கே தெரிகிறது. அவர் குறை சொல்லவில்லை.

"தம்பி, உன் கையைத் தூக்கு. பயப்படாதேன்னு யாருக்காவது சொல்லணும்னா எப்படித் தூக்குவே?"

பையன் தூக்குகிறான்.

"மணிக்கட்டு என்ன பண்ணுது?"

"கொஞ்சம் பின்னால சாயுது ஐயா."

"விரலு?"

பையன் தன் கையையே வெறித்துப் பார்க்கிறான். கடைசி இரண்டு விரலும் தானாக லேசாக மடங்கியிருக்கின்றன. "ஓ!" என்கிறான். பெரியவர் அதற்குள் அடுத்த ஆளிடம் போயாயிற்று. மெழுகுக் கையின் விரல்கள் மெல்ல இளகி மடங்குவதை நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூன்று கேள்வி, அவ்வளவுதான். 'இப்படிச் செய்' என்று அவரே பிடித்துத் திருத்தியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் நாளைக்கும் அந்தப் பையன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பான்.

இங்கே ஒரு வேடிக்கை. பெரியவரை யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தப் பட்டறையில் அவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறார்: தென்னை ஓலை! சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, சாஸ்திரம் சொல்லும் கணக்கில் மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாலம் என்னும் அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. நான் நிற்கும்போதே ஒரு சண்டை. முழங்கால் இறங்கியிருக்கிறது என்கிறார் பெரியவர், இல்லை என்கிறார் அவருடைய தங்கை மகன். "ஓலையை எடு!" வைத்துப் பார்த்தால் மருமகன் சொன்னதே சரி. "அப்ப அதான்" என்று பெரியவர் நகர்ந்துவிட்டார். கொட்டகை முழுக்க ஒரே சிரிப்பு. மருமகன் ஓலையைக் காதில் செருகிக்கொண்டு ஒரு சுற்று நடந்தே காட்டினார்!

எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பெரியவர் தொழில் கற்ற காலத்தில் கேள்வி கேட்பதே திமிர் என்று எடுத்துக்கொள்வார்களாம். "பாத்துக் கத்துக்கோ, அவ்வளவுதான். தப்புப் பண்ணா உளிப்பிடியால முட்டில விழும். ஏன் விழுந்துச்சுன்னு அடுத்த வருஷம்தான் புரியும்." கூடச் சேர்ந்த பையன்கள் பலர் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள் என்று சொல்லும்போது குரல் தழைந்தது. கைவேலையை அடித்துச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடிப்போன அத்தனை நல்ல கைகளையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். மாமல்லபுரத்தில் 1957-இல் சிற்பக் கல்லூரி வந்தபிறகு பட்டத்தோடு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், எட்டாம் வகுப்போடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பட்டறையில் இரண்டு பேருக்கும் முதல் வேலை ஒன்றுதான்: மண் சலிப்பது.

அந்த மண்ணைத் தொட்டுப் பாருங்க! காவிரிப் படுகையின் வண்டல், முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைசு. அதில் உமிக்கரியும் சாணமும் சேர்த்து, தோசை மாவுப் பதத்தில் மெழுகுச் சிலைமேல் முதல் பூச்சு. மெழுகில் இருக்கிற ஒரு சின்ன நகக்குறிகூட இந்தப் பூச்சில் பதிந்துவிடும். நிழலில் காய்ந்தபின் அடுத்த பூச்சு, பிறகு மணல் கலந்த முரட்டு மண், மேலே இரும்புக் கம்பிக் கட்டு. சில நாள் கழித்து, வார்ப்பு நாளன்று மறுபடி வந்து பார்த்தால், நம்முடைய முருகன், ஒன்றரை அடி உயரம், இப்போது ஒரு மண்மூட்டை; இதைத்தான் கரு என்கிறார்கள். வறட்டி நெருப்பில் அந்த மூட்டையைச் சுடச்சுட, வாய் வழியாக மெழுகு ஒழுகித் தண்ணீர்ச் சட்டியில் விழுகிறது. மெழுகின் எடைக்கு எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். கால்குலேட்டரெல்லாம் இல்லை, மருமகன் மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டு, சுவரில் கரியால் குறித்தும் வைக்கிறார்.

உலை பற்றவைத்தாயிற்று. பிளோயர் இரைகிறது. மூசைக்குள் செம்பும் பித்தளையும் ஈயமும் உருக உருக, பச்சை நாக்கு நீட்டி எரிகிறது நெருப்பு. என் சட்டை ஏற்கெனவே முதுகோடு ஒட்டிக்கொண்டாயிற்று. இந்த நேரத்தில்தான் பெரியவர் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார். அடுப்புக்குத் தள்ளி, மரத்தடியில் வட்டமாக நிற்கிறார்கள். இதை எந்தச் சுற்றுலாப் பயணியும் பார்த்திருக்க மாட்டார், காதைத் தீட்டிக்கொள்ளுங்க!

அவர் உத்தரவு எதுவும் போடவில்லை. யார் யாருக்கு என்ன வேலை என்று அவரவர் வாயால் சொல்ல வைக்கிறார். அதுவும் ஆகச் சின்னவனிலிருந்து தொடங்கி.

"நான் கருவோட வாய்ல தூசி விழாம பாத்துக்கறேன் ஐயா."

"நான் கசடு ஒதுக்கறேன்."

"இடுக்கி இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன்."

"வழியில யாரும் நிக்கக்கூடாது. யாருக்காவது பயமா இருந்தா?"

"நிறுத்துன்னு சொல்லணும்."

"யார் சொல்லலாம்?"

"யார் வேணா சொல்லலாம்!"

நடுவில் நிறுத்தினால் வார்ப்பு ஒட்டாது, சிலை வீண். இத்தனை நாள் வேலையும் போச்சு. அது தெரிந்தும் பெரியவர் சொன்னார்: "சிலை போனா திரும்ப ஊத்திக்கலாம். கால் போனா எவன் ஊத்துவான்?" பிறகு, "ஊத்தறப்ப என் வாயிலேர்ந்து மூணு வார்த்தைதான் வரும். வா, சாய், போதும். வேற யாரும் பேசக்கூடாது." அவ்வளவுதான் கூட்டம். 2023-இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நிறுத்தினார்களே, 27 அடி உயரம், 18 டன் எடை என்று சொல்லப்பட்ட நடராஜர், அவர் இந்த ஊர் ஸ்தபதிகளின் கைவேலை. அவருக்கு எத்தனை பேர் இப்படி வட்டமாக நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன், புல்லரித்தது.

சிலைக்குச் சொல்லிவைத்த பாட்டி மயிலாடுதுறையிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மெல்லிய மோதிரத்தை எடுத்தார். பஞ்சலோகத்தில் பொன்னும் வெள்ளியும் பேருக்காவது சேரணுமே! "அவரு போட்டிருந்தது" என்றார். பெரியவர் அதைத் தானே வாங்கிப் போட்டுவிடவில்லை. சின்னவனைக் கூப்பிட்டு, நீளக் கரண்டியைக் கொடுத்து, "பாட்டியோட மோதிரம், நீ போடு" என்றார். கரண்டி லேசாக நடுங்கியது. பாட்டி அவனைப் பார்த்துத் தலையசைத்தார். போட்டான்.

"வா."

இரண்டு பேர் இடுக்கியில் மூசையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கையில் ஈரச்சாக்கு சுற்றியிருக்கிறது. மண்மூட்டை குழிக்குள் வாய்மேலாகப் புதைந்து நிற்கிறது.

"சாய்."

மூசை ஒரு கணம் தாமதித்துத்தான் சாய்ந்தது. பிறகு அறுந்துபோகாமல், ஒரே சீராக, விரல்தண்டி ஒழுக்கு. அனல் என் கண்ணிமைவரை வந்து அடித்தது. யாரும் பேசவில்லை. காற்றுப் போகும் எதிர்த்துளையில் உலோகம் எட்டிப் பார்த்தது.

"போதும்."

அப்பாடா! எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார், யாரோ ஒருவன் பிளோயரை நிறுத்தப் போய்த் தண்ணீர் வாளியைத் தட்டிவிட்டான்.

டீ வந்தது, கூடவே வாழைக்காய் பஜ்ஜி. எனக்கு இந்த நாளில் மிகவும் பிடித்த காட்சி இதுதான், வார்ப்பைவிடவும். எல்லோரும் வியர்வை வழியத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, பெரியவர் தன்னிலிருந்தே ஆரம்பித்தார். "நான் 'சாய்'னு சொன்னது லேட்டா, நீங்க சாய்ச்சது லேட்டா?"

இடுக்கி பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மூத்தவர் சொன்னார்: "பிளோயர் சத்தத்துல கேக்கல மாமா. உங்க வாயைப் பாத்துத்தான் சாய்ச்சோம்."

"அப்ப என் தப்பு. என்ன பண்ணலாம்?"

ஆளுக்கொரு யோசனை. விசில் ஊதலாம் என்றான் ஒருவன், பஸ் கண்டக்டரா என்று கேலி செய்தார்கள். கடைசியில் சின்னவன்தான், வாயில் பஜ்ஜியோடு, "கையையும் தூக்குங்க ஐயா" என்றான். சரி, அடுத்த வார்ப்பிலிருந்து 'சாய்' என்றால் கையும் உயரும். முடிந்தது.

மறுநாள் காலை கருவை உடைத்தார்கள். சுத்தியல் பட்டு மண் தெறிக்கத் தெறிக்க, கறுகறுவென்று சொரசொரப்பாக வெளியே வந்தார் முருகன். கடையில் பார்க்கும் பளபளப்புக்கு இன்னும் எத்தனையோ நாள் உளியும் அரமும் ஓட வேண்டும், கடைசியில்தான் கண் திறப்பு. ஆனால் அந்த அபயக்கை, விரல் மடங்கி, அப்படியே! மெழுகுக்காரப் பையன் துள்ளிக் குதித்தான்.

பக்கத்திலேயே சின்னவனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பீடத்தின் தாமரையிதழில் மொச்சைக்கொட்டையளவு ஒரு பள்ளம். கருவுக்கு மண் பூசியது அவன்தான்.

பெரியவர் குந்தி உட்கார்ந்து பள்ளத்தை விரலால் தடவினார். "முதல் பூச்சு எப்ப போட்டே?"

"மழை பெஞ்ச அன்னிக்கு ஐயா."

"அப்புறம்?"

"காயறதுக்குள்ள ரெண்டாவது பூச்சு போட்டுட்டேன்."

"ஏன்?"

"அண்ணன் சீக்கிரம் முடின்னாரு."

இப்போது பெரியவர் திரும்பிப் பார்த்தது மருமகனை. மருமகன் தலையைச் சொறிந்தார். "ஆமா மாமா, நான்தான் அவசரப்படுத்தினேன்." உள்பூச்சு பிளந்து, ஒரு சில்லு உள்ளே விழுந்து, அந்த இடத்தை உலோகம் நிரப்பாமல் விட்டிருக்கிறது. குரல் உயரவே இல்லை. மெழுகுக் கொட்டகையில் கேட்ட கேள்விகளைப் போலவே இதுவும் ஒரு கேள்வி வரிசைதான். ஆனால் குற்றம் யார் தலையில் விழ வேண்டுமோ அங்கே, அதன் அளவுக்கு மட்டும் விழுந்தது. "அடைக்கறதை நீயே பண்ணு, நான் பக்கத்துல இருக்கேன்" என்று சின்னவனிடம் ஒரு சின்ன உளியை நீட்டினார். பள்ளத்தைச் சுத்தமாகச் செதுக்கி, அதே உலோகத்தில் ஒரு துண்டை அடித்து இறுக்கி, அரம் போட்டு இழைத்துவிட்டால் ஒட்டுப்போட்ட இடமே தெரியாதாம். மருமகன் துண்டு தேடிப் போனார்.

அதற்குள் போன். பாட்டிதான்! ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள்.

"சாமி வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா, அம்சமா வந்திருக்காரு. பீடத்துல ஒரு சின்னப் பள்ளம், அதை ஒரு தம்பி சரி பண்ணிக்கிட்டிருக்கான்."

"எந்தத் தம்பி?"

"உங்க மோதிரத்தைப் போட்டானே, அவன்தான்."

"அவனா! நல்லாப் பண்ணுவான். அது கிடக்கட்டும், அந்தப் புள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு போடுங்க, எலும்பா இருக்கான்!"

பட்டறையே அதிர்ந்தது சிரிப்பில். சின்னவனும் சிரித்துக்கொண்டே உளியைப் பீடத்தில் வைத்தான். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சாய்ச்சுப் பிடி. ம்… இன்னும் கொஞ்சம்."