வாவிக்கரை நூதனசாலையும் யன்னற் கண்ணாடியில் படியும் நீரும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையானாலும், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலுள்ள காத்தான்குடியின் பூர்வீக நூதனசாலையானாலும், இப்பிரதேசத்தில் பழம்பொருளைக் காக்கும் எந்தக் கட்டடமும் உப்பும் ஈரமும் கலந்த காற்றின் நடுவிலேயே நிற்க வேண்டியுள்ளது. அத்தகைய கட்டடமொன்றின் அறைகளைக் குளிரூட்டி, ஏட்டுச்சுவடிகளையும் உலோகப் படிமங்களையும் பழந்துணிகளையும் பேண முற்படுவோர், மாரிகால விடியலில் யன்னற் கண்ணாடி முழுவதும் நீர் படிந்திருப்பதைக் காண நேரிடும். துடைத்துவிட்டால் தீர்ந்துவிடும் சிறு தொல்லையென்று இதைத் தள்ளிவிடலாகாது. வழிந்த நீர் மரச்சட்டத்தை உளுக்கச் செய்து, சாந்துக்குள் ஊறிப் பூஞ்சணத்துக்கு இடங்கொடுப்பதோடு, அறையின் வெப்பநிலை தவறாகத் தெரிவு செய்யப்பட்டிருப்பதையும் அதுவே முதலில் காட்டிக்கொடுக்கிறது.

குறித்த ஒரு வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் எத்தனை வீதம் நிரம்பியுள்ளதென்பதைச் சாரீரப்பதன் என்றும், காற்றைக் குளிர்விக்கையில் அது முற்றாக நிரம்பி நீராக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிபடுநிலை என்றும் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. மாரிகால இரவொன்றில் வெளிக்காற்று 27 பாகை செல்சியசிலும் 90 வீதச் சாரீரப்பதனிலும் இருக்குமானால், அதன் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகையாகும். அவ்வேளை அறை 20 பாகைக்குக் குளிரூட்டப்பட்டிருந்தால், காற்றசைவற்ற இரவில் ஒற்றைக் கண்ணாடியின் வெப்பநிலை 23, 24 பாகையளவில் நிற்குமாதலால், குளிர்ந்த சோடாப் போத்தலின் மேற்புறம் வியர்ப்பதுபோல் கண்ணாடியின் வெளிப்புறம் நனையும். அதே அறையை 26 பாகையில் வைத்திருந்தால் கண்ணாடி பனிபடுநிலைக்கு மேலேயே இருக்கும், நீர் படியாது.

உலகில் பரவலாக வழங்கும் கட்டடக் கையேடுகள் பல குளிர்நாட்டு அனுபவத்திலிருந்து எழுந்தவை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இலண்டனின் குளிர்காலத்தில் அறைக்காற்று 20 பாகையிலும் 50 வீதச் சாரீரப்பதனிலும் பேணப்பட்டால், அதன் பனிபடுநிலை 9 பாகையாக இருக்க, வெளிக்குளிரால் கண்ணாடி அதற்கும் கீழே இறங்கி உட்புறத்தில் நீர் படிகிறது. ஆகவே அங்கு யன்னலை நோக்கிச் சூடான காற்றை வீசச் செய்வதும், நீராவித் தடுப்புப் படலத்தைச் சுவரின் உட்பக்கமாக அமைப்பதும் முறையானவை. வாவிக்கரையில் நீராவி வெளியிலிருந்து உள்ளே புக முயல்வதால் இவ்விரண்டும் தலைகீழாகின்றன. குளிரூட்டியின் காற்று கண்ணாடியில் நேரே படலாகாது; தடுப்புப் படலம் சுவரின் வெளிப்பக்கம் அமைய வேண்டும். குளிரூட்டிய அறையின் உட்சுவருக்குப் பிளாஸ்ரிக் கலந்த வண்ணம் பூசுவதால், வெளியிலிருந்து ஊறிவரும் ஈரம் அதன் பின்னே சிறைப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமலே பூஞ்சணம் வளர்கிறது. பழங்கட்டடங்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சேதங்களுள் இது மிகவும் வருந்தத்தக்கது.

உவர்நீர் வாவியின் அயலில் பனிபடுநிலைக் கணக்கும் முழுப் பாதுகாப்பைத் தந்துவிடுவதில்லை. கடற்காற்றில் வந்து படியும் கறியுப்பு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டு அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே நீர்க்கிறது. ஆகவே உப்புப் படிந்த கண்ணாடி, பனிபடுநிலையை எட்டுமுன்பே நனைகிறது. வெண்கலத்தில் அதே உப்பு பச்சை அரிப்பைத் தூண்டுகிறது. நன்னீரால் கண்ணாடியையும் சட்டங்களையும் அடிக்கடி கழுவுவது, செலவு மிகுந்த கருவிகளுக்கு நிகரான பயன் தரும் பராமரிப்பாகும்.

மறுபுறம், ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் கொண்டது; மாரி ஈரத்தில் ஊதிய ஓலை அக்காற்றில் சுருங்குவதால், காக்கப்பட வேண்டியது ஈரத்தின் அளவு மட்டுமன்று, அதன் நிதானமும்தான். இதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. கெற்றி பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சின் மேகாவாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளுக்கென வகுத்த முறை, வெளிக்காற்று வறண்டிருக்கும்போது வடிகட்டிய காற்றை உள்ளே விடுவதும், ஈரமாயிருக்கும்போது அடைத்து ஈரத்தை மட்டும் அகற்றுவதுமாகும். பூஞ்சணம் செழிக்கும் 75 வீதத்துக்குக் கீழே சாரீரப்பதனை நிறுத்துவதே அதன் முதல் நோக்கம். ரியோ டி ஜெனீரோவிலுள்ள ரூயி பார்போசா இல்லத்தின் நூலகத்தில் இவ்வழி கையாளப்பட்டுள்ளது. அகன்ற விறாந்தை, இறவாணம், பலகைக் கதவிட்ட யன்னல், நுழைவாயிலில் இரு கதவுகளுக்கிடையே ஒரு முன்னறை ஆகியவை இம்முறைக்குப் பெருந்துணையாகும். யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி இட்டாலும், அலுமினியச் சட்டம் வெப்பத்தை எளிதில் கடத்தி அதன் பயனைக் கெடுத்துவிடும்.

மின்சாரம் நின்றால் என்னவாகும் என்ற கேள்வியையும் திட்டமிடுவோர் தொடக்கத்திலேயே எழுப்ப வேண்டும். 2022இல் நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவிய இலங்கையில், 20 பாகைக்குக் குளிர்ந்திருந்த அறைக்குள் வெளிக்காற்று புகுமாயின், நீர் படிவது கண்ணாடியோடு நில்லாது, காட்சிப்பொருட்களின் மேலும் படியும். 26 பாகையிலுள்ள அறைக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. நன்கு அடைபட்ட காட்சிப்பேழைக்குள் உரிய ஈரநிலைக்குப் பழக்கப்படுத்திய சிலிக்கா ஜெல் வைக்கப்பட்டால் மின்வெட்டு நேரத்தையும் அது தாங்கும். குளிர்க்களஞ்சியத்திலிருந்து எடுக்கும் சுவடியை, நீராவி புகாத உறையில் கட்டி, வெளியறையின் வெப்பநிலையை அது முற்றாக அடையும்வரை அவிழ்க்காதிருத்தல் வேண்டும்.